வராத இரண்டாவது ரத்தம்: சுவாச வைரஸ் தொற்றில் எதிர்ப்பொருள் பரிசோதனை

மார்கழி, தை மாதங்களில் நீலகிரியின் எந்தச் சிறு மருத்துவமனைக்குள் நுழைந்தாலும், கம்பளிக் குல்லாயும் மஃப்ளருமாக வரிசையில் அமர்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் சளி, இருமல், காய்ச்சல் என்று வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். மருத்துவர் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, "வைரஸ் காய்ச்சல்தான், நாலஞ்சு நாள்ல சரியாயிடும்" என்று சொன்னாலும் எதிரில் இருப்பவர் எழுந்துவிடுவதில்லை. "எதுக்கும் ஒரு தடவை ரத்தத்துல பாத்துடலாமா, டாக்டர்?" என்று கேட்பார். மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டு எடுக்கும் மாதிரியின் மீது இல்லாத நம்பிக்கை நம் மக்களுக்கு ரத்தத்தின் மீது இருக்கிறது.

இந்த நம்பிக்கை காரணமில்லாமல் வளர்ந்ததன்று. பிரெஞ்சு மருத்துவர் விடால் 1896இல் டைபாய்டுக்கென ஒரு ரத்தப் பரிசோதனையை விவரித்தார். நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை, டைபாய்டு கிருமிகளோடு கலந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரளும் என்பதே அதன் அடிப்படை. நூறாண்டுகளுக்கு மேலாகியும் அந்த 'விடால் டெஸ்ட்' தமிழ்நாட்டின் லேபுகளை விட்டுப் போகவில்லை. மலேரியாவா, ரத்தம், டெங்குவா, ரத்தம், உண்ணிக் காய்ச்சலா, அதற்கும் ரத்தம். இப்படிப் பழகிய ஒருவர், இருமலோடு வரும் காய்ச்சலுக்கு மட்டும் ரத்தம் ஏன் விடை சொல்லாது என்று கேட்பது நியாயமே. ரத்தம் விடை சொல்லும் என்பதும் உண்மைதான். ஆனால் நாம் கேட்கும் கேள்விக்கு அன்று, வேறொரு கேள்விக்கு. "இப்போது எனக்கு என்ன?" என்று நாம் கேட்கிறோம். எதிர்ப்பொருள் பரிசோதனையோ "இந்த உடம்பு இதற்கு முன் எதையெல்லாம் சந்தித்திருக்கிறது?" என்பதற்குப் பதில் தருகிறது. இவ்விரண்டும் ஒன்றாகும் தருணங்களும் உண்டு. அவை எவை என்பதைப் பிரித்தறிவதுதான் சிக்கல்.

எதிர்ப்பொருள் அல்லது ஆன்டிபாடி என்பது, உள்ளே வந்த கிருமியின் ஒரு குறிப்பிட்ட பகுதியைப் பற்றிக்கொள்வதற்காக நம் உடல் செய்துகொள்ளும் புரதம். அதைச் செய்து முடிக்க நாள் பிடிக்கும். புதிய கிருமியைக் கண்ட முதல் வாரத்தின் முடிவில் ஐஜிஎம் என்ற வகை தலைகாட்டத் தொடங்கும். ஐந்து அலகுகள் சேர்ந்த பெரிய மூலக்கூறு அது. அதைத் தொடர்ந்தோ, சில நோய்களில் ஏறக்குறைய அதனுடனேயோ ஐஜிஜி என்ற வகை உயர்ந்து மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நிலைக்கும். சுவாசப் பாதையின் ஈரப் பரப்பில் ஐஜிஏ என்ற மூன்றாவது வகை காவல் நிற்கிறது. ஆனால் வழக்கமான ரத்தப் பரிசோதனைகள் அதைத் தேடுவதில்லை.

ஃபுளூ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இன்புளுயன்சா வைரஸ் மூக்கிலும் தொண்டையிலும் மிகுதியாக இருப்பது நோயின் முதல் இரண்டு மூன்று நாட்களில். அதற்குரிய ஓசல்டாமிவிர் மருந்து நன்றாகப் பயன்படுவது காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால். ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவிடத்தக்க அளவுக்கு உயரும்போது ஒன்று அல்லது இரண்டு வாரங்கள் கழிந்திருக்கும். அதற்குள் பெரும்பாலோர் கொழுந்து பறிக்கவோ பள்ளிக்கோ திரும்பியிருப்பார்கள். கோவிட் காலத்தில் இந்த இடைவெளியை எண்களாகவே பார்க்க முடிந்தது. எதிர்ப்பொருள் பரிசோதனைகள் குறித்த ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் அமைப்பு 2020 ஜூனில் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அறிகுறி தொடங்கிய முதல் வாரத்தில் ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் நோயுள்ளவர்களில் 30.1 சதவீதம் பேரையே கண்டுபிடிக்க முடிந்தது. இரண்டாம் வாரத்தில் அது 72.2 சதவீதமாகவும், மூன்றாம் வாரத்தில் 91.4 சதவீதமாகவும் உயர்ந்தது. நோயாளி மருத்துவரைத் தேடி வருவது பெரும்பாலும் முதல் வாரத்தில் என்பதால், அவர் வரும் நேரத்தில் இந்தப் பரிசோதனை பத்தில் ஏழு பேரைத் தவறவிடுகிறது.

அப்படியானால் ஒரு காலத்தில் உலகம் முழுவதும் ஃபுளூவை ரத்தத்தைக் கொண்டு எப்படி உறுதிப்படுத்தினார்கள் என்ற கேள்வி எழும். அதற்கு விடை தேட நீலகிரியை விட்டு வெளியே போக வேண்டியதில்லை.

குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்கு அருகே இருக்கும் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டை வெறிநாய்க்கடித் தடுப்பூசியோடு சேர்த்தே நம் மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1907இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில்தான் 1950களில் இந்திய அரசின் இன்புளுயன்சா மையமும் இயங்கியது. 1957 மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலோடு 'ஆசிய ஃபுளூ' இந்தியாவுக்குள் நுழைந்து, சில வாரங்களில் நாடெங்கும் பரவியது. 1958 பிப்ரவரி வரை பதிவானவர்கள் மட்டும் 44 லட்சத்துக்கும் அதிகம். அந்த வரலாற்றை உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 1959இல் விரிவாக எழுதிய ஐ.ஜி.கே. மேனன், இந்தக் குன்னூர் மையத்தைச் சேர்ந்தவர். நோயாளிகளின் தொண்டைக் கழுவுநீரைக் கோழிமுட்டைக் கருவில் செலுத்தி வைரஸை வளர்ப்பதும், அவர்களுடைய சீரத்தில் எதிர்ப்பொருளை அளப்பதுமே அக்காலத்து ஃபுளூ ஆய்வகங்களின் இரு கைகள்.

இரண்டாவது கையின் செயல்முறை 1941இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஹர்ஸ்ட் கண்டுபிடித்த ஒன்றிலிருந்து வந்தது. ஃபுளூ வைரஸைக் கோழியின் சிவப்பணுக்களோடு கலந்தால், வைரஸ் அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். பிணைந்த அணுக்கள் சோதனைத் தட்டிலுள்ள சிறு குழியின் அடியில் பாய் விரித்ததுபோல் மெல்லிய படலமாகப் பரவும். வைரஸ் இல்லையென்றால் அணுக்கள் வழுக்கி இறங்கி நடுவில் ஒரு சிவப்புப் பொத்தானாகச் சேரும். நோயாளியின் சீரத்தை முதலில் வைரஸோடு சேர்த்துவைத்துவிட்டுப் பிறகு அணுக்களைக் கலந்தால், சீரத்தில் எதிர்ப்பொருள் இருக்கும்பட்சத்தில் அது வைரஸைக் கட்டிப்போட்டுவிடும். மறுபடி பொத்தான்தான் தெரியும். எவ்வளவு எதிர்ப்பொருள் இருக்கிறது என்பதை அறிய, சீரத்தைப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போக வேண்டும். கெட்டியான டீ டிகாக்‌ஷன் ஒரு டம்ளர் எடுத்து, அதில் பாதியை அடுத்த டம்ளரில் ஊற்றிச் சம அளவு தண்ணீர் கலந்து, அதில் பாதியை அதற்கடுத்ததில் ஊற்றி என்று பத்து டம்ளர் வரிசையாக வைத்தால், எந்த டம்ளர் வரை நிறம் தெரிகிறது என்பது முதல் டிகாக்‌ஷனின் கடுமையைச் சொல்லிவிடும் அல்லவா, அதைப் போன்றது இது. சீரத்தைப் பத்து மடங்கு, இருபது, நாற்பது, எண்பது என நீர்த்து, எந்தக் குழி வரை பொத்தான் நிற்கிறதோ அந்த எண்ணை டைட்டர் என்பார்கள்.

இங்கேதான் அந்தக் காலத்தவர்களின் நிதானம் வெளிப்படுகிறது. ஒரு மனிதரின் டைட்டர் 80 என்று வந்தால் அதை வைத்து அவர்கள் எதையும் முடிவு செய்துவிடவில்லை. அந்த 80 இந்த வாரத்துக் காய்ச்சலால் வந்ததா, மூன்றாண்டுகளுக்கு முன் வந்துபோன ஃபுளூவால் வந்ததா என்று ஒற்றை எண் சொல்லாது. ஆகவே நோய் தொடங்கிய சில நாட்களுக்குள் ஒரு ரத்தம், இரண்டு மூன்று வாரங்கள் கழித்து இன்னொரு ரத்தம் என இரண்டு எடுப்பார்கள். முதலாவதிலிருந்து பிரித்த சீரத்தை உறைநிலையில் காத்திருக்க வைத்து, இரண்டாவது வந்ததும் இரண்டையும் ஒரே நாளில், ஒரே தட்டில், ஒரே கையால் சோதிப்பார்கள். டைட்டர் நான்கு மடங்கோ அதற்கு மேலோ உயர்ந்திருந்தால்தான் அண்மைத் தொற்று உறுதி. நான்கு மடங்கு என்றால் இரண்டு குழிகள். ஒரு குழி வேறுபாடு கைத்தவறாலும் வரக்கூடும் என்பதால் அது கணக்கில் சேராது. முதல் ரத்தத்தில் 20, இரண்டாவதில் 80 என்றால் ஃபுளூ. இரண்டிலும் 80 என்றால் பழைய கதை.

முறை அப்பழுக்கற்றது, ஆனால் இரண்டாவது ரத்தம் வருவதில்லை. கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து வரும் ஒரு பெண், காய்ச்சல் விட்டு மூன்று வாரமான பின், ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் விட்டுவிட்டு, ஏற்கெனவே குணமாகிவிட்ட நோய்க்கு ரத்தம் கொடுக்க வருவார் என்று எதிர்பார்ப்பதே வீண். கொடைக்கானல் மலையில் பூம்பாறையிலும் மன்னவனூரிலும் பூண்டு பயிரிடுகிறவரிடம் கேட்டாலும் இதே பதில்தான் கிடைக்கும். அவர் வந்தாலும் முடிவால் அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. இணைச் சீரம் என்ற இந்த முறை நோயாளிக்காக அன்று, நோயின் போக்கை அறிய விரும்பும் அரசுக்கும் ஆய்வாளருக்கும் உருவானது. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாவது ரத்தம் வராது என்பதால்தான் ஒரே ரத்தத்தில் ஐஜிஎம் பார்த்து வேலையை முடிக்கும் குறுக்குவழி பிறந்தது. நொதி உண்டாக்கும் நிறத்தைக் கொண்டு எதிர்ப்பொருளை அளக்கும் எலைசா முறை 1971இல் வந்தபிறகு ஐஜிஎம், ஐஜிஜி இரண்டையும் தனித்தனியாக அளப்பது எளிதாயிற்று. ஐஜிஎம் இருந்தால் புதிது, ஐஜிஜி மட்டும் இருந்தால் பழையது என்ற சூத்திரம் பாடப்புத்தகத்தில் அழகாக இருக்கிறது. தட்டம்மையில் அது நன்றாகவே வேலை செய்கிறது. தட்டம்மையும் காற்றில், மூச்சுவழியாகப் பரவும் வைரஸ்தான். ஆனால் அது வாழ்நாளில் பெரும்பாலும் ஒருமுறையே வருவது, தடிப்பு தோன்றும் நேரத்தை ஒட்டி ஐஜிஎம்மும் எழுந்துவிடுவது. ஆகவே ஒரு துளி ரத்தத்தில் தட்டம்மையை உறுதிப்படுத்துவது இன்றும் உலகம் ஏற்றுக்கொண்ட முறை.

ஃபுளூவும், குழந்தைகளின் நுரையீரலை அதிகம் தாக்கும் ஆர்எஸ்வி என்ற வைரஸும், சாதாரணச் சளி வைரஸ்களும் அப்படிப்பட்டவையல்ல. அவை திரும்பத் திரும்ப வருகின்றன. இரண்டாம், மூன்றாம் முறை வரும் தொற்றில் உடல் பழைய நினைவைக் கொண்டே வேலை செய்வதால் ஐஜிஎம் எழாமலே போகலாம், அல்லது பெயருக்கு எழுந்து அடங்கலாம். எழுந்த ஐஜிஎம் சிலரிடம் மாதக்கணக்கில் தங்கியும் விடுகிறது. முடக்குவாதக் காரணி என்ற எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தால் அது ஐஜிஎம் பரிசோதனையைப் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டச் செய்யும். ஒரு வைரஸுக்கென எழுந்தது அதன் உறவுக்கார வைரஸோடும், சில சமயம் உறவே இல்லாத ஒன்றோடும் கைகோத்துவிடும். 2020இன் தொடக்கத்தில் சிங்கப்பூரில் இருவருக்கு டெங்கு துரிதப் பரிசோதனை பாசிட்டிவ் என வந்து, பிறகு அவர்களுக்கு இருந்தது டெங்கு அன்று, கோவிட் என்று தெரியவந்த நிகழ்வு மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. நாளிதழ்கள் 'மர்மக் காய்ச்சல்' என்று தலைப்பிடும் பருவத்தில், ஒரே ரத்தத்தில் டைபாய்டு, டெங்கு, உண்ணிக் காய்ச்சல் என மூன்று ஐஜிஎம்மும் கேட்டு எழுதுகிறவர்கள் இந்த நிகழ்வை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது. மூன்று கேட்டால் ஏதாவது ஒன்று பாசிட்டிவ் வருவதற்கான வாய்ப்பும் கூடுகிறது.

குழந்தைகளிடம் இந்தப் பரிசோதனை இன்னும் தடுமாறுகிறது. பிறந்து ஆறு மாதத்துக்குள் மூச்சிரைப்போடு மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளில் ஆர்எஸ்வி முக்கியமான காரணம். ஆனால் அந்த வயதில் குழந்தையின் ரத்தத்தில் ஓடும் ஐஜிஜி பெரும்பாலும் அதனுடையதன்று. கருவில் இருக்கும்போதே நஞ்சுக்கொடி வழியாகத் தாய் கொடுத்தனுப்பிய சீர். மாதந்தோறும் குறைந்துகொண்டே வரும் அந்தச் சீரை எண்ணினால் தாயின் வரலாறுதான் தெரியும், குழந்தையின் நோய் தெரியாது. குழந்தை தானாகச் செய்யும் எதிர்ப்பொருளோ அந்த வயதில் மிகக் குறைவு. இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் ஆர்எஸ்வி ஒருமுறையேனும் வந்துவிடுவதால், அதன்பின் ஐஜிஜி பாசிட்டிவ் என்பதும் எதையும் பிரித்துக் காட்டாது.

முதியவர்களிடம் நிலைமை தலைகீழானது, அதே சமயம் சுவையானது. அவர்களுடைய ரத்தம் ஒரு பழைய பதிவேடு. 1957இன் ஆசிய ஃபுளூ வந்தபோது, அது உலகத்துக்கே புதியது என்று கருதப்பட்டது. ஆனால் நெதர்லாந்தில் முல்டர், மாசுரெல் என்ற இரு ஆய்வாளர்கள், அந்தத் தொற்று வருவதற்கு முன்பே எடுத்து வைத்திருந்த சீரங்களில், எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் மட்டும் அதற்கான எதிர்ப்பொருள் இருப்பதை 1958இல் எடுத்துக்காட்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த ஒரு ஃபுளூ அதன் உறவாக இருந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அது வழிவகுத்தது. 2009இன் பன்றிக்காய்ச்சலிலும் அதுவே நடந்தது: அமெரிக்காவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் அந்தப் 'புதிய' வைரஸை அடையாளம் காணும் எதிர்ப்பொருள் முன்கூட்டியே இருந்தது. முதியோர் அந்த நோயில் ஒப்பீட்டளவில் குறைவாகப் பாதிக்கப்பட்டதற்கு இது ஒரு விளக்கம். 1918இன் கொள்ளைநோயைச் சிறுவயதில் கண்டு, தொண்ணூறு வயதைத் தாண்டி உயிரோடிருந்த 32 பேரின் ரத்தத்தை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வில், அந்த வைரஸை நினைவில் வைத்திருக்கும் அணுக்கள் இன்னும் அவர்களிடம் இருந்தது தெரிந்தது. இந்த நினைவாற்றல் வரலாற்றாசிரியருக்கு வரம். நேற்றுத் தொடங்கிய காய்ச்சலுக்குக் காரணம் தேடும் மருத்துவருக்கு இரைச்சல்.

மலைக்கே உரிய ஒரு தொல்லையைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; சமவெளியில் எழுதப்படும் கையேடுகள் அதைக் கண்டுகொள்வதில்லை. துரிதப் பரிசோதனைக் கிட்டுகள் பலவற்றின் உறையில் 15 முதல் 30 டிகிரி வரையிலான வெப்பத்தில் பயன்படுத்த வேண்டும் என்றும், எலைசா கிட்டுகளில் 'அறை வெப்பம்' என்றும் அச்சிட்டிருப்பார்கள். அறை வெப்பம் என்று அவர்கள் சொல்வது இருபதிலிருந்து இருபத்தைந்து டிகிரி. தலைக்குந்தாவிலும் காந்தலிலும் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் ஒரு காலையில், ஊட்டியில் ஹீட்டர் இல்லாத லேபின் மேசை பத்து டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். எதிர்ப்பொருளும் அதன் இலக்கும் சேர்வதும், பிறகு நொதி நிறத்தை உண்டாக்குவதும் குளிரில் மெதுவாகும். குறித்த நிமிடத்தில் நிறுத்திப் பார்த்தால் மெல்லிய பாசிட்டிவ் ஒன்று நெகட்டிவ் ஆகிவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கிட்டை உடனே பிரிக்காமல் அறை வெப்பத்துக்கு வரும்வரை வைத்திருங்கள் என்ற அறிவுரைக்கு, அறையே ஃபிரிட்ஜாக இருக்கும் இடத்தில் பொருளில்லை. சுவரில் ஒரு தெர்மாமீட்டரும், 37 டிகிரியில் நிற்கும் இன்குபேட்டரும் மலை லேபுக்கு ஆடம்பரமல்ல.

குளிரின் இன்னொரு விளையாட்டு, வைரஸ் என்றே நீண்டகாலம் தவறாக எண்ணப்பட்ட ஒரு கிருமியோடு தொடர்புடையது. வழக்கமான நிமோனியா போலல்லாமல், ஆளை நடமாடவிட்டே வாரக்கணக்கில் இருமவைக்கும் ஒரு நிமோனியாவை 1930களின் இறுதியிலும் 1940களிலும் மருத்துவர்கள் தனியே அடையாளம் கண்டார்கள். அந்த நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேரின் ரத்தம் குளிரூட்டினால் கட்டிக் கட்டியாகத் திரளும், சூடாக்கினால் கலைந்துவிடும். குளிர்த் திரட்டிகள் எனப்படும் இவையும் ஐஜிஎம் வகை எதிர்ப்பொருள்களே. ஈட்டன் என்பவர் 1944இல் விவரித்த அந்தக் கிருமி வைரஸ் என்றே கருதப்பட்டு, 1962இல் செயற்கை ஊடகத்தில் வளர்க்கப்பட்ட பிறகுதான் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியா என்பது நிலைபெற்றது. ஆகவே அதற்குப் பொருத்தமான ஆன்டிபயாட்டிக் வேலை செய்யும். இந்த வேறுபாட்டால் நோயாளிக்கு நேரடி லாபம் உண்டு. ஆனால் குளிர்த் திரட்டியை அளப்பதற்கான ரத்தத்தை, சீரம் பிரிக்கும் வரை உடல் வெப்பத்திலேயே வைத்திருக்க வேண்டும். மலைக் குளிரில் ஒரு மணி நேரம் மேசையில் கிடந்தால், தேட வேண்டிய எதிர்ப்பொருள் முழுவதும் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொண்டுவிடும். சீரத்தில் ஒன்றும் மிஞ்சாது. மறுபுறம், அதே ரத்தத்தைச் சாதாரண அணு எண்ணும் இயந்திரத்தில் ஓட்டினால், திரண்ட அணுக்களை ஒன்றாக எண்ணி, சிவப்பணு எண்ணிக்கை மிகக் குறைவாகவும் எம்சிஎச்சி (சிவப்பணுக்களில் ஹீமோகுளோபினின் செறிவு) நம்பமுடியாத அளவுக்கு அதிகமாகவும் காட்டும். குழாயை வெதுவெதுப்பாக்கி மறுபடி ஓட்டும்போது எண்கள் சரியானால், அதுவே ஒரு துப்பு. கேட்காத கேள்விக்குத் தற்செயலாகக் கிடைக்கும் பதில் அது.

இவற்றையெல்லாம் மனதில் கொண்டு பார்த்தால், 2020 ஏப்ரலில் நாடு கண்ட குழப்பம் விளங்கும். கோவிட் தொடங்கிய புதிதில், வைரஸின் மரபணுவை நேரடியாகத் தேடும் பிசிஆர் இயந்திரங்கள் போதாத நிலையில், லட்சக்கணக்கான துரித எதிர்ப்பொருள் கிட்டுகள் வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு, தமிழ்நாடு உட்பட மாநிலங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டன. விரலில் குத்தி ஒரு துளி ரத்தம், பதினைந்து நிமிடத்தில் விடை என்றால் எந்த மாவட்ட நிர்வாகத்துக்குத்தான் ஆசை வராது? ராஜஸ்தான் அரசு, பிசிஆரில் ஏற்கெனவே உறுதியானவர்களிடம் சோதித்துப் பார்த்தபோது துல்லியம் 5.4 சதவீதமே என்று அறிவித்தது. வெவ்வேறு மாநிலங்களில் அது 6 முதல் 71 சதவீதம் வரை தாறுமாறாக இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கூறி, முதலில் இரண்டு நாள் நிறுத்திவைக்கச் சொல்லி, ஏப்ரல் 27இல் கிட்டுகளைத் திருப்பி அனுப்பவும் சொல்லிவிட்டது. கிட்டின் தரம் அதில் பெரும்பங்கு வகித்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் தரமான கிட்டாகவே இருந்திருந்தாலும், நேற்று பிசிஆர் பாசிட்டிவ் ஆனவரின் ரத்தத்தில் இன்று எதிர்ப்பொருளைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது என்பதை அன்றைய தொலைக்காட்சி விவாதங்களில் யாரும் நிறுத்திச் சொல்லவில்லை. விலை பற்றிய சண்டையே அதிகம் கேட்டது.

இந்தப் பரிசோதனையின் உண்மையான பெருமை வேறோர் இடத்தில் இருக்கிறது. தனி மனிதரை விட்டுவிட்டு ஊரைக் கேட்டால் அது மிக நன்றாகப் பேசும். 2020 அக்டோபர், நவம்பரில் தமிழ்நாடு முழுவதும் 26,000க்கும் மேற்பட்டோரிடம் ரத்தம் எடுத்து நடத்திய ஆய்வில், மாநில அளவில் 31.5 சதவீதம் பேருக்கு எதிர்ப்பொருள் இருந்தது. அதைக் கொண்டு கணித்ததில், அதுவரை பதிவான நோயாளிகளின் எண்ணிக்கையைப் போல ஏறத்தாழ 36 மடங்கு பேர் தொற்றைச் சந்தித்துக் கடந்திருந்தார்கள். எத்தனை பிசிஆர் இயந்திரங்களை நிறுவினாலும் இந்த உண்மையை அவை தந்திருக்க முடியாது. அறிகுறியே இல்லாமல் கடந்து போனவரின் மூக்கில் தேட ஒன்றும் மிஞ்சியிருக்காது, ரத்தத்தில் மட்டுமே தடம் இருக்கும். அந்த ஆய்வில் மாவட்டங்களிலேயே மிக அதிகமாக 51 சதவீதத்தோடு பெரம்பலூரும், மிகக் குறைவாக 11.1 சதவீதத்தோடு நீலகிரியும் நின்றன. இ-பாஸ் கெடுபிடியும் மூடிக்கிடந்த சுற்றுலா விடுதிகளும் நினைவிருப்பவர்களுக்கு அந்த எண் வியப்பளிக்காது.

அந்த இரண்டு எண்களை வைத்தே, பாசிட்டிவ் என்ற சொல்லின் பொருள் ஊருக்கு ஊர் எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம். நோய் வந்தவர்களில் 95 சதவீதம் பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கும், வராதவர்களில் 98 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடும் ஒரு நல்ல கிட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெரம்பலூரில் ஆயிரம் பேரைச் சோதித்தால், தொற்றுக்குள்ளான 510 பேரில் ஏறத்தாழ 485 பேர் பாசிட்டிவ். தொற்று வராத 490 பேரில் பத்துப் பேர் தவறாகப் பாசிட்டிவ். ஐம்பது பாசிட்டிவில் ஒன்றுதான் பொய். அதே கிட்டை நீலகிரிக்குக் கொண்டுவந்தால், 111 பேரில் 105 பேர் சரியான பாசிட்டிவ். மீதி 889 பேரில் 18 பேர் பொய்யான பாசிட்டிவ். ஏழில் ஒன்று பொய். தொற்று நூற்றுக்கு ஒருவருக்கே இருக்கும் ஓர் எஸ்டேட்டில் அதே கிட்டை ஓட்டினால், ஆயிரத்தில் பத்துப் பேர் உண்மை, இருபது பேர் பொய். மூன்று பாசிட்டிவில் இரண்டு பொய்யாகிவிடும். கிட்டில் ஒரு குறையும் இல்லை, ஊர்தான் மாறியிருக்கிறது. மாநில அளவிலான ஆய்வில் இந்தப் பிழையைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் ஒருவருக்கு எதைக் கழிப்பது?

தடுப்பூசி வந்தபின் இன்னொரு முடிச்சு விழுந்தது. கோவிஷீல்டு வைரஸின் மேல்முள் புரதத்துக்கு மட்டுமே எதிர்ப்பொருளை உண்டாக்கும். ஆகவே கோவிஷீல்டு போட்டவரிடம் வைரஸின் உட்புரதமான நியூக்ளியோகேப்சிட்டுக்கு எதிர்ப்பொருள் இருந்தால், அது தொற்றால்தான் வந்திருக்க வேண்டும். கோவாக்சினோ முழு வைரஸையும் செயலிழக்கச் செய்து உருவாக்கியது; அதனால் இரண்டு வகையும் எழலாம். எந்த ஊசி போட்டார், எந்தப் புரதத்துக்கான கிட் என்ற இரண்டும் தெரியாமல் 'கோவிட் ஆன்டிபாடி பாசிட்டிவ்' என்ற வரியைப் படிப்பதில் பயனில்லை. எண் அதிகமாக இருக்கிறது, எனக்கு இனி வராது என்று மகிழ்ந்தவர்கள் ஒமிக்ரான் அலையில் படுத்ததையும் பார்த்தோம்.

நடைமுறையில் என்ன செய்வது என்று கேட்டால் என் பதில் இதுதான். காய்ச்சல், இருமல் தொடங்கி முதல் நான்கைந்து நாட்களுக்குள் இருப்பவருக்கு, காரணம் தெரிவதால் சிகிச்சை மாறும் என்றால், அதாவது கர்ப்பிணி, முதியவர், ஆஸ்துமாக்காரர், மூச்சுத் திணறுபவர் என்றால், மூக்கு, தொண்டை மாதிரிதான் சரியானது; அதில் வைரஸின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜென் பரிசோதனை அல்லது பிசிஆர். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் எதுவுமே தேவையில்லை. எதிர்ப்பொருளைத் தேடும் ரத்தத்துக்கு இடம் உள்ள சூழல்கள் சில உண்டு. கோவிட் வந்துபோன சில வாரங்களுக்குப் பின் குழந்தைக்குக் கடும் காய்ச்சலும் தடிப்பும் இதயப் பாதிப்பும் வந்தால், மூக்கில் வைரஸ் இருக்காது, ரத்தத்தில்தான் சான்று இருக்கும். தடிப்போடு வரும் காய்ச்சலில் தட்டம்மை ஐஜிஎம் உண்டு. காட்டோரம், புதரோரம் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வாரம் தாண்டியும் காய்ச்சல் விடாமல் இருமலும் சேர்ந்தால், உண்ணிக் காய்ச்சலுக்கான ஐஜிஎம் எலைசா முக்கியம். அது வைரஸ் அன்று, டாக்சிசைக்ளினுக்குக் கட்டுப்படுவது, விட்டால் நுரையீரலைப் பிடித்து ஆளைக் கொல்லக்கூடியது. ஆகவே அக்குளிலும் இடுப்பிலும் கருகிய புண் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது, ரிப்போர்ட் வரும்வரை காத்திருப்பதைவிட மேல்.

2022இல் ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தபின் மாதிரிகளை மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு இறக்க வேண்டிய தேவை குறைந்திருக்கிறது. எதிர்ப்பொருள் உறுதியான புரதம். பிரித்த சீரம் ஐஸ் பெட்டியில் மலைப்பாதையின் வளைவுகளைத் தாங்கிக்கொள்ளும். அதனால் தூரம் இந்தப் பரிசோதனையைக் கெடுத்ததில்லை. கெடுப்பது வேறொன்று. மாதிரியோடு போகும் படிவத்தில் பெயர், வயது, முகவரி ஆகியவற்றுக்குக் கீழே, காய்ச்சல் தொடங்கிய நாள் என்று ஒரு கட்டம் இருக்கும். அந்த ஒரு தேதி இருந்தால், நெகட்டிவ் என்று வரும் முடிவை 'நோய் இல்லை' என்று படிப்பதா, 'இன்னும் நேரமாகவில்லை' என்று படிப்பதா என்று லேபில் இருப்பவர் சொல்லிவிட முடியும். மலையிலிருந்து இறங்கிவரும் படிவங்களில் பெரும்பாலும் காலியாக இருப்பது அந்தக் கட்டம்தான்.